சோபாவிலிருந்து இறங்க ஒரு சரிவு: சின்ன நாய்களுக்கான ரேம்ப்களில் எது தேறும்?

பொமரேனியனின் தோள் உயரம் 15 முதல் 18 செ.மீ. வழக்கமான சோபாவின் இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. தன் உயரத்தைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பள்ளத்தில் அந்த நாய் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை குதிக்கிறது. சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. குதித்துத் தரையைத் தொடும் நொடியில் மொத்தப் பாரமும் அங்கேயே விழுகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் வாங்கிக்கொள்கின்றன. தாவி ஏறும்போது பின்னங்கால் முட்டியும் இடுப்பும் படாத பாடு படுகின்றன. மூட்டு வலிக்கு மாத்திரை, பவுடர், பெல்ட் என்று தேடிப் போவதற்கு முன் இந்தக் குதியை நிறுத்தியாக வேண்டும். ரேம்ப் என்ற பொருளின் வேலை அது ஒன்றுதான்.

ஆனால் சின்ன நாய்க்கென்று விற்கப்படும் ரேம்ப்களில் பல அந்த வேலையைச் செய்வதில்லை. காரணம் எளிது: நீளம் போதாது. நாய் சின்னது, ஆகவே ரேம்பும் சின்னதாக இருந்தால் போதும் என்ற கணக்கில் செய்கிறார்கள். சோபாவின் உயரம் நாயைப் பார்த்துக் குறையப்போவதில்லையே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 செ.மீ. உயரத்துக்கு 90 செ.மீ. நீளப் பலகை வைத்தால் சரிவு 30 பாகை. 135 செ.மீ. பலகை என்றால் 20 பாகைக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 112 செ.மீ. வைத்தால் 24 பாகை அளவில் நிற்கும். வலியுள்ள நாய்க்கு நாங்கள் சொல்லும் அளவு ‘உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம்’. மூட்டு நன்றாக இருந்து, முன்னெச்சரிக்கைக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டரை மடங்கு போதும். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் வாங்காதீர்கள். கட்டில் 60 செ.மீ. என்றால் 180 செ.மீ. பலகை தேவைப்படும். அறையில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பெட்டியின் மேல் ‘நான்கு உயரங்களில் வைக்கலாம், 60 செ.மீ. வரை’ என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். 100 செ.மீ. பலகையை 60 செ.மீ. உயரத்துக்குத் தூக்கினால் சரிவு 37 பாகை. பலகை அந்த உயரத்தில் நிற்கும், உடையாது. அதுவரை அவர்கள் சொல்வது உண்மை. இடுப்பு வலியுள்ள நாய் அதில் நடக்காது. டேப் எடுத்துச் சோபாவை அளந்து, மூன்றால் பெருக்கிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். அளக்கும்போது மெத்தையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளப்பது நல்லது. ரேம்பின் தலை, அமுங்கிய மெத்தையின் மட்டத்தில் இருந்தால்தான் நாய் தடுக்காமல் கால் வைக்கும்.

சரிவு அதிகமாகிவிட்டதா என்பதை நாயே காட்டிக் கொடுத்துவிடும். மேலே ஏறும்போது பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது பாருங்கள். முதல் இரண்டு அடி நிதானமாக வைக்கும், அதன்பின் வேகம் பிடிக்கும், கடைசி மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலோ முன்னாலோ குதித்துவிடும். பலரும் இதைக் குறும்பு என்று நினைத்துவிடுகிறார்கள். சரிவில் உடம்பின் பாரம் தோளுக்கு இறங்க இறங்க, பிரேக் பிடிக்க முடியாமல் நாய் தப்பித்துப் போகிறது. எந்த இடத்தில் குதிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ரேம்பின் தலையை ஒரு படி இறக்கிப் பாருங்கள். குதிக்கும் இடம் கீழே நகர்ந்தால் குற்றம் சரிவில்தான்.

அடுத்தது மேற்பரப்பு. நீளத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும். நான்கு வகை பார்க்கலாம்: வெட்டிய இழைக் கம்பளம், வளைய இழைக் கம்பளம், ரப்பர், உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு நாடா. முதல் வகைதான் எங்கள் தேர்வு. இழை தனித்தனியாக நிற்பதால் நகம் உள்ளே இறங்கிப் பிடித்து, தடையில்லாமல் வெளியே வரும். வளைய இழையில் நகம் கொக்கி மாட்டியதுபோல் சிக்கும். சின்ன நாய் பயந்து உதறினால் நகம் பிளந்துவிடும், ஏற்கெனவே நழுவும் முட்டி இன்னும் திருகிக்கொள்ளும். சொரசொரப்பு நாடா பிடிப்பைத் தரும், ஆனால் உள்ளங்காலைத் தேய்க்கும்; நாள்தோறும் பலமுறை ஏறி இறங்கும் வீட்டு ரேம்புக்கு அது வேண்டாம். ரப்பர் பரவாயில்லை, ஈரமானால் மட்டும் கவனம். குறுக்கே மரச்சட்டம் அடித்த பலகைகளும் உண்டு. சட்டங்களின் இடைவெளி பெரிய நாயின் காலடித் தூரத்துக்குப் போட்டது. சிவாவாவுக்கு ஒவ்வொரு சட்டமும் ஒரு தடைக்கல்.

ஃபோம் ரேம்பில் உறையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நீண்ட முதுகும் குட்டைக் காலும் கொண்ட ஒரு டாஷண்ட் இறங்குவதை முட்டி போட்டு உட்கார்ந்து, தரை மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். முன்பாதம் பதிந்ததும் விரல்கள் விரியும், நகங்கள் துணியில் ஊன்றும். உறை தொளதொளவென்று இருந்தால் பாதத்துக்கு முன்னால் துணி ஒரு சின்ன மடிப்பாக எழும்பும்; பாதம் ஒரு விரல் அகலம் சறுக்கி, அந்த மடிப்பில் முட்டி நிற்கும். அதே கணத்தில் முதுகு வில்லாக வளையும். அந்த வளைவு ஒவ்வொரு அடிக்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கும் வாய்ப்புள்ள முதுகுக்கு இதைவிட மோசமான பயிற்சி கிடையாது. கடையிலேயே உறையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். இரண்டு செ.மீ.க்கு மேல் எழும்பினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஃபோமின் அடர்த்தியும் முக்கியம். உள்ளங்கையை ஊன்றி உடல் பாரத்தைக் கொடுங்கள். அடியிலுள்ள தரை கையில் தட்டுப்பட்டால் அது தலையணைக்குப் போட வேண்டிய ஃபோம். 3 கிலோ நாய்க்கு அது முதலில் தெரியாது. 9 கிலோ பக் ஏறினால் முதல் நாளே தெரியும். எந்த நாயாக இருந்தாலும் நடுத்தடம் மெல்ல மெல்லப் பள்ளமாகும், பிறகு நாய் ஓரமாக நடக்கத் தொடங்கும். ஃபோமின் இன்னொரு குறை அதன் எடைக் குறைவு. நாய் மேலே கால் வைத்துத் தள்ளும்போது ரேம்ப் பின்னால் நகர்ந்து, சோபாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து விழும். அடியில் ரப்பர் புள்ளி இருந்தால் மட்டும் போதாது. சோபாவின் காலோடு பிணைக்க ஒரு வெல்க்ரோ பட்டை வேண்டும், அல்லது ரேம்பின் கீழே முழு நீளத்துக்கும் ரப்பர் விரிப்பு போட வேண்டும். வயதான நாய்க்குச் சிறுநீர் கசியக்கூடும் என்பதால் உறைக்குள் நீர்புகாத இன்னொரு உறை உள்ளதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோம் ஒருமுறை நனைந்ததோடு நாற்றம் போகாது. 30 செ.மீ.க்கு உட்பட்ட தாழ்வான இருக்கைகளுக்கு ஃபோம் நல்ல தேர்வு: சத்தம் கிடையாது, கூர்முனை கிடையாது, பயந்த நாயும் சீக்கிரம் பழகும்.

அதற்கு மேல் உயரம் என்றால் மரம். மூன்று இடங்களைப் பார்த்து வாங்குங்கள். தலைப்பக்கம்: ரேம்புக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்ன நாயின் பாதம் உள்ளே போய்விடும். கால்பக்கம்: பலகையின் முனை தரையிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் எழும்பி நிற்கக் கூடாது. முன்காலை இழுத்து நடக்கும் நாய் அங்கேதான் தடுக்கும். மூன்றாவது, உயரத்தை மாற்றும் தாங்கு. பலகையின் பள்ளத்தில் ஒரு குச்சி போய் உட்காரும் அமைப்புதான் பெரும்பாலும் வருகிறது. பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால் பக்கவாட்டு அசைவில் குச்சி வெளியே வந்து பலகை சரிந்துவிடும். ஒருமுறை காலடியில் ரேம்ப் சரிந்த நாயை மறுபடி அதில் ஏற்றுவது மிகக் கடினம். அகலம் 40 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பலகை ‘டக்’ என்று சத்தம் போட்டால் தரையைத் தொடும் இடங்களில் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். நிறைய நாய்கள் சரிவைவிடச் சத்தத்துக்குத்தான் மிரள்கின்றன.

படிக்கட்டு வடிவில் வருபவற்றை நாங்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. டாஷண்டுக்கும் முதுகுவலி வந்த எந்த நாய்க்கும் கண்டிப்பாக வேண்டாம். நீண்ட உடம்பு ஒவ்வொரு படியிலும் நடுவில் ஒடிந்து நிமிர்கிறது. முட்டியில் லேசான தொல்லை மட்டுமே உள்ள டாய் பூடிலுக்கு, இடமும் இல்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் படியின் உயரம் 12 செ.மீ.க்குள், ஆழம் 30 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும். குறுகிய படியில் நாய் நடப்பதில்லை, படிக்குப் படி குதிக்கிறது.

180 செ.மீ. பலகைக்கு இடமில்லாத அறையில் வாங்காமலே தீர்க்க ஒரு வழி உண்டு. கட்டிலின் கால்களைக் கழற்றி 60 செ.மீ. கட்டிலை 35 செ.மீ. ஆக்கிவிட்டால் 105 செ.மீ. ரேம்பே போதும். மெத்தையைத் தரையில் போட்டால் ரேம்பே வேண்டாம். இதைச் சொல்லக் கடைக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை, அதனால் நாங்கள் சொல்கிறோம்.

இன்னொன்று. ரேம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்து விட்டால் நாய் பழைய பக்கமே குதிக்கும், முக்கியமாக அழைப்பு மணி அடித்தால். குதிக்கும் பக்கங்களில் குஷன், நாற்காலி, தடுப்புக்கம்பி எதையாவது வைத்து அடையுங்கள். ரேம்பின் வாய் கதவைப் பார்த்து இருப்பது இன்னும் நல்லது. ஓடும் அவசரத்திலும் அதன் மேல்தான் ஓடும்.

பழக்குவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் பலகையைத் தரையில் தட்டையாகக் கிடத்தி, அதன் மேல் தின்பண்டத் துணுக்குகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து நடக்க விடுங்கள். பிறகு ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். நாய் நிற்காமல், காதை மடக்காமல் நடந்த பிறகே அடுத்த 10 செ.மீ. நடுவில் தயங்கினால் முந்தைய உயரத்துக்குத் திரும்புங்கள். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது. மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போட்டு, வாரைத் தளர்வாகப் பிடித்தால் போதும். துணுக்குகளின் கணக்கை அன்றைய உணவிலிருந்து கழித்துவிடுங்கள். ஏன் என்று கீழே புரியும்.

எந்த நாய்க்கு இது உதவும், எதற்கு உதவாது? நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு பின்னங்காலை மடக்கி, மூன்று காலில் நாலைந்து அடி துள்ளி, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி நான்கு காலில் நடந்தால் பெரும்பாலும் முட்டிச்சில்லு நழுவுகிறது என்று பொருள். சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில், மால்டீஸ் இனங்களில் இது மிகச் சாதாரணம். சில்லு உள்பக்கமாக நழுவுவதே அதிகம். மருத்துவர் இதை நான்கு நிலைகளாகப் பிரிப்பார். முதல் நிலையில் கையால் தள்ளினால் நழுவி, விட்டதும் தானே திரும்பும். இரண்டில் தானாகவே நழுவித் திரும்பும். மூன்றில் எப்போதும் நழுவியே இருக்கும், கையால் இடத்தில் வைக்கலாம், நிற்காது. நான்கில் வைக்கவே முடியாது. முதல் நிலைக்கும் தொல்லை குறைந்த இரண்டாம் நிலைக்கும் ரேம்பும் எடைக்குறைப்பும் நல்ல துணை. மூன்று, நான்கு என்றால் அறுவை சிகிச்சை பற்றி முதலில் பேச வேண்டும். ரேம்ப் அதற்கு மாற்றாகாது.

ஒரு வயதுக்குள் இருக்கும் சின்ன இனக் குட்டி பின்னங்காலில் நொண்டி, நாளுக்கு நாள் மோசமாகி, தொடைச் சதையும் வற்றினால் லெக்-கால்வே-பெர்தஸ் நோயை நினைக்க வேண்டும். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது சிதைகிறது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்; வழக்கமான தீர்வு அந்த எலும்புத் தலையை அறுத்து எடுப்பது. அதைத் தள்ளிப்போட்டுப் பவுடர் கொடுத்துக்கொண்டிருப்பது குட்டியை வலியோடு வளர்ப்பதாகும்.

டாஷண்ட் போன்ற நீண்ட முதுகு, குட்டைக் கால் நாய் திடீரென்று முதுகைக் குனித்து நடுங்கினால், தூக்கும்போது கத்தினால், பின்பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மடித்து நடந்தால், அல்லது பின்னங்கால்களை இழுத்தால் அது மூட்டு வலி இல்லை. முதுகெலும்பின் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. அன்றைக்கே, மணிக்கணக்கில் தாமதிக்காமல் மருத்துவமனை போக வேண்டும். விரலைக் கிள்ளினாலும் உணராத நிலைக்குப் போய்விட்டால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மிகவும் குறைகிறது.

ரேம்போடு சேர்த்து விற்கப்படும் மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. ரப்பர் அடிப்பாகமுள்ள தரைவிரிப்பு: வாங்குங்கள், ரேம்பின் கீழ்முனையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ஒரு பாதையாகப் போடுங்கள். வழுக்கும் டைல்ஸ் மேல் முடியும் ரேம்ப் பாதி ரேம்ப்தான். வழுக்காத சாக்ஸ்: சின்னப் பாதத்தில் சுழன்று, ரப்பர் புள்ளி மேலே வந்துவிடும், நகத்தைக் குட்டையாக வெட்டி, விரலிடுக்கு முடியைக் கத்தரித்தாலே பாதிச் சறுக்கல் நின்றுவிடும். நடக்கும்போது தரையில் ‘டிக் டிக்’ கேட்டால் நகம் நீளம். முட்டிக்கு மாட்டும் பிரேஸ்: கூம்பு மாதிரி குறுகும் சின்னத் தொடையில் அது கீழே வழிந்துவிடும், தோலைப் புண்ணாக்கும், மருத்துவர் அளவெடுத்துச் சொன்னாலொழிய வேண்டாம். படுக்கை: நாய் படுத்ததும் முழங்கை தரையைத் தொடாத அளவு கெட்டியான ஃபோம், தாழ்ந்த முகப்பு, அவ்வளவுதான் தேவை. வயிற்றுக்குக் கீழே கட்டித் தூக்கும் பட்டை ஆண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதையை மறைக்கும். இடுப்பை மட்டும் தாங்கும் வகையைத் தேடுங்கள்.

மூட்டுக்கென்று குளுக்கோசமைன் மாத்திரைகளும் விற்கின்றன. நாய், பூனைகளின் மூட்டுத் தேய்மானம் குறித்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒமேகா-3 கொழுப்புக்குப் பலன் தெரிகிறது, குளுக்கோசமைன்-காண்ட்ராய்டினுக்குத் தெரியவில்லை என்று முடித்தது. ஆகவே காசு மிச்சமிருந்தால் மீன் எண்ணெய்க்குக் கொடுங்கள். 5 கிலோ நாய்க்கு அதிலுள்ள ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 1 கிராம் வரை போகலாம். அந்த அளவு, மாத்திரையின் மொத்த எண்ணெய் எடையைக் குறிப்பதில்லை. லேபிளில் ஈபிஏ, டிஹெச்ஏ என்று போட்டிருக்கும் எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கால் பங்கில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள், அவசரப்பட்டால் வயிற்றுப்போக்கு வரும். ரத்தம் உறைவதில் சிக்கலுள்ள நாய், அறுவைக்குக் காத்திருக்கும் நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மனிதருக்கான வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் சின்ன நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஒரே மாத்திரையில் கெடுக்கக்கூடும்.

எடையைப் பற்றி: 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானமுள்ள பருத்த நாய்கள் உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் இழந்தபோதே நொண்டல் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. 5 கிலோ நாய்க்கு அது வெறும் 300 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடிய எடை அது. உள்ளங்கையால் விலாவைத் தடவும்போது எலும்பு தட்டுப்படவில்லையென்றால், எந்த ரேம்பையும்விட அந்த 300 கிராம் அதிகம் செய்யும்.

கடைசியாக, ரேம்பையே எடுத்து மூலையில் வைக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. வட்டுப் பிரச்சினைக்கு மருத்துவர் கூண்டு ஓய்வு, அதாவது நாயைக் கூண்டிலேயே அசையாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தால், குறைந்தது 4 வாரம் சரிவும் கிடையாது, சோபாவும் கிடையாது. வெளியே போவது மலஜலத்துக்கு மட்டும், அதுவும் தூக்கிக்கொண்டு. ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே, முதுகு பலகைபோல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அக்குள்களில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினால் பின்பாதி தொங்கி, நோகும் இடத்தில்தான் இழுவை விழும். ஓய்வு முடிந்த பிறகு ரேம்பை மறுபடி தட்டையாகத் தரையில் கிடத்தி முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். பழகிய நாய்தானே என்று நேரே சோபாவில் சாய்த்து வைக்காதீர்கள்.